ஹேக்கின்டோஷ் லேப்டாப்பில் சிபியு பவர் மேனேஜ்மென்ட் பேனிக்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

இன்டெல் ப்ராசசர் உள்ள, ஆப்பிள் தயாரிக்காத ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வழியாக மேக்ஓஎஸ் போட்டாயிற்று (இதைத்தான் ஹேக்கின்டோஷ் என்கிறோம்). ஆப்பிள் சின்னம் வருகிறது, நாலு வரி ஓடுகிறது, மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இல்லையென்றால் ஒழுங்காக பூட் ஆகி நன்றாக ஓடுகிறது, மூடியை மூடித் திறந்தால் கறுப்புத் திரை. கிராஃபிக்ஸ், வைஃபை, ரேம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். லேப்டாப் என்றால் நான் முதலில் பார்ப்பது ப்ராசசரின் பவர் மேனேஜ்மென்டைத்தான், அதாவது அதன் வேகத்தையும் தூக்கத்தையும் நிர்வகிக்கும் ஏற்பாட்டை.

இதில் பலர் செய்வது, கிடைக்கிற வைத்தியத்தை எல்லாம் ஒரே கான்ஃபிக் கோப்பில் கொட்டுவது. ப்ராசசரின் ஒரு பூட்டைச் சமாளிக்கும் இரண்டு சிஎஃப்ஜி லாக் பேட்ச்சையும் ஆன் செய்வது, பவர் மேனேஜ்மென்டையே முடக்கும் கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ் ட்ரைவர் கோப்பு) ஒன்றைப் போடுவது, யாரோ ஒருவருடைய எஸ்எஸ்டிடி கோப்புகளை (வன்பொருளை ஓஎஸ்ஸுக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகள்) அள்ளிக்கொண்டு வருவது. சில சமயம் பூட் ஆகிவிடும். எதனால் ஆனது என்று தெரியாது, அடுத்த கோளாறு வரும்போது எங்கே கை வைப்பதென்றும் தெரியாது. இரண்டே கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்: ப்ராசசர் எந்தத் தலைமுறை? சரியாக எந்த நேரத்தில் விழுகிறது?

அமைப்புகள், கட்டளைகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். புரிவதற்காக நடுவில் கோடு போட்டிருக்கிறேன். கான்ஃபிக் கோப்பில் அதே பெயர் ஆங்கிலத்தில் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். இன்னொன்று: ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் பெயர் பொறித்த கணினிகளுக்கு மட்டும்தான் மேக்ஓஎஸ்ஸை அனுமதிக்கிறது. எனவே எது உடைந்தாலும் கேட்க ஆள் கிடையாது. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இதையெல்லாம் செய்யாதீர்கள்.

பேனிக்கைப் பிடித்து வையுங்கள்

பேனிக் என்பது, ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிடுவது. அதைப் பார்க்க பூட் ஆர்கியுமென்டில் (ஓப்பன்கோர் மேக்ஓஎஸ்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) மூன்று சேர்க்க வேண்டும்: -வி, கீப்சிம்ஸ்=1, டீபக்=0எக்ஸ்100. முதலாவது எழுத்துகளை ஓடவிடும். இரண்டாவது பேனிக்கில் வெறும் முகவரிகளுக்குப் பதில் பெயர்களைக் காட்டும். மூன்றாவதுதான் முக்கியம், பேனிக் ஆனதும் ரீஸ்டார்ட் ஆகாமல் திரையை அப்படியே நிறுத்தி வைக்கும். அப்படியும் ரீஸ்டார்ட் ஆனால், பேனிக் காட்டும் கட்டத்துக்கு முன்பே கெர்னல் விழுகிறது என்று பொருள். அதுவே ஒரு துப்பு. போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

திரை நின்றால் மேலே இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்: "கெர்னல் ட்ராப், டைப் 13=ஜெனரல் ப்ரொடெக்ஷன்". அதற்குக் கீழே ரெஜிஸ்டர்களின் பட்டியல் வரும். அதில் ஆர்சிஎக்ஸ் என்பதற்கு நேராக நிறைய பூஜ்யங்கள் போட்டு, கடைசியில் "ஈ2" என்று முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ப்ராசசரின் அமைப்புகளை வைத்திருக்கும் எம்எஸ்ஆர் என்ற வகை ரெஜிஸ்டர் ஒன்றில் எழுதும்போது, எந்த ரெஜிஸ்டர் என்கிற எண் ஆர்சிஎக்ஸில்தான் இருக்கும். கெர்னல் 0எக்ஸ்ஈ2 என்ற ரெஜிஸ்டரில் எழுதப் போயிருக்கிறது, ப்ராசசர் மறுத்திருக்கிறது.

ஏன் மறுக்கிறது? ப்ராசசர் சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்ற சி-ஸ்டேட் வரம்பு அந்த ஈ2-வில் இருக்கிறது. அதன் 15-வது பிட்தான் பூட்டு, சிஎஃப்ஜி லாக் என்பது இதுதான். அதை 1 ஆக்கிவிட்டால் அடுத்த ரீசெட் வரை யாரும் அங்கே எழுத முடியாது. ஆப்பிள் தன் மேக்கில் பூட்டாமல் விடுகிறது. மேக்ஓஎஸ் வந்து தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளும். மற்ற கம்பெனிகளின் லேப்டாப்களில் பயாஸே எழுதி முடித்துப் பூட்டிவிடும். விண்டோஸ் அங்கே எழுத வேண்டியதில்லை என்பதால் இந்தப் பூட்டு இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. மேக்ஓஎஸ் மட்டும் நேராகப் போய் முட்டிக்கொள்கிறது.

தலைமுறை எது?

ஐ5, ஐ7-க்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-3320எம் என்றால் 3-ம் தலைமுறை, ஐவி பிரிட்ஜ். 2 என்று தொடங்கினால் சாண்டி பிரிட்ஜ். இந்த இரண்டுக்கும் பவர் மேனேஜ்மென்டைக் கவனிப்பது ஆப்பிள்-இன்டெல்-சிபியு-பவர்-மேனேஜ்மென்ட் என்ற தனி கெக்ஸ்ட். 4-ல் தொடங்கும் ஹாஸ்வெல் முதல் அந்த வேலையை கெர்னலே செய்கிறது. அதற்கு எக்ஸ்சிபிஎம் என்று பெயர். இந்த எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்க மருந்து இந்தப் பக்கம் வேலை செய்யாது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு 8-ம் தலைமுறை லேப்டாப்பில் ஐவி பிரிட்ஜ் பேட்ச்சைப் போட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

11-ம் தலைமுறை லேப்டாப் என்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம், அதன் உள் கிராஃபிக்ஸுக்கு ஆப்பிளிடம் ட்ரைவரே இல்லை. ஏஎம்டி லேப்டாப் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. இன்டெல் மேக்குகளுக்கே 2025-ல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. பழைய லேப்டாப்பில் புதிய பதிப்பை ஓட்ட எவ்வளவு நேரம் செலவழிக்கலாம் என்பதை இதையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

"எழுத்து ஓடுகிறது, பேனிக்கில் பவர் மேனேஜ்மென்ட் கெக்ஸ்டின் பெயர் வருகிறது" (சாண்டி, ஐவி)

பேனிக்கின் பேக்ட்ரேஸ் பகுதியில் (விழும்போது எது ஓடிக்கொண்டிருந்தது என்ற பட்டியல்) ஆப்பிள்-இன்டெல்-சிபியு-பவர்-மேனேஜ்மென்ட் என்ற பெயர், ஆர்சிஎக்ஸில் ஈ2. இது பாடப்புத்தகத்தில் போடக்கூடிய அறிகுறி. ஓப்பன்கோர் கான்ஃபிக்கில் கெர்னல், குவிர்க்ஸ் (சிறப்புத் திருத்தங்கள்) பகுதிக்குப் போய் ஆப்பிள்-சிபியு-பிஎம்-சிஎஃப்ஜி-லாக் என்பதை ட்ரூ ஆக்குங்கள். அந்த கெக்ஸ்ட் ஈ2-வில் எழுதும் இடத்தை ஓப்பன்கோர் நினைவகத்திலேயே பேட்ச் செய்துவிடும். வேறு எதையும் மாற்றாமல் ஒரு முறை பூட் செய்து பாருங்கள்.

இதே இடத்தில் நல்-சிபியு-பவர்-மேனேஜ்மென்ட் என்ற கெக்ஸ்டைப் போடச் சொல்லும் பழைய ஆலோசனை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓப்பன்கோரில் அதன் புது வடிவம் எமுலேட் பகுதியில் உள்ள டம்மி-பவர்-மேனேஜ்மென்ட். போட்டால் பேனிக் நிற்கும், சந்தேகமில்லை. எழுதப் போகும் கெக்ஸ்டையே ஓடவிடாமல் செய்தால் முட்டல் எப்படி வரும்? ஆனால் ப்ராசசரின் வேகத்தை மாற்ற ஆளில்லாமல் போகும், லேப்டாப் சூடாகும், பேட்டரி கரையும், ஸ்லீப் போனால் ரீஸ்டார்ட் ஆகும். இது வலி மாத்திரைதான். கோளாறு இந்த கெக்ஸ்டில்தானா என்று உறுதி செய்ய ஒரே ஒரு முறை போட்டு பூட் செய்து பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். ஹாஸ்வெல்லுக்கு மேல் அந்தச் சோதனைக்கும் உதவாது, அங்கே இந்த கெக்ஸ்டுக்கு வேலையே இல்லை.

"எழுத்தே வரவில்லை, எக்ஸிட்பிஎஸ் வரியோடு நிற்கிறது" (ஹாஸ்வெல் முதல்)

இங்கே ஈ2-வில் எழுதுவது கெர்னல். அதுவும் மிகச் சீக்கிரத்தில், திரையில் பேனிக் காட்டும் வசதி தயாராவதற்கு முன்பே. அதனால் கெக்ஸ்டின் பெயரோ ரெஜிஸ்டர் பட்டியலோ கிடைக்காது. ஓப்பன்கோரின் பூட் பதிவில் கடைசியாக "எக்ஸிட்பிஎஸ்:ஸ்டார்ட்" என்று ஒரு வரி, அதோடு உறைந்துவிடும், அல்லது படக்கென்று ரீஸ்டார்ட். ஆப்பிள்-எக்ஸ்சிபிஎம்-சிஎஃப்ஜி-லாக் என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸிட்பிஎஸ் வரியில் நிற்பதற்கு இது மட்டுமே காரணமல்ல. பூட்டர் பகுதியில் உள்ள நினைவகம் தொடர்பான குவிர்க்ஸ் தவறாக இருந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். எனவே ஊகிக்காதீர்கள். ஓப்பன்கோரோடு வரும் கன்ட்ரோல்-எம்எஸ்ஆர்-ஈ2 என்ற கருவியை பூட் மெனுவில் சேர்த்து ஓட்டுங்கள். பூட்டு உண்டா இல்லையா என்பதை அது ஒவ்வொரு கோராகப் பார்த்துச் சொல்லும். சில பயாஸ்கள் சில கோர்களில் மட்டும் பூட்டிவிட்டு மற்றவற்றைத் திறந்தே விடும், அதையும் காட்டிக்கொடுக்கும். எல்லாக் கோரும் திறந்திருக்கிறது என்று வந்தால் சிஎஃப்ஜி லாக்கை மறந்துவிட்டு பூட்டர் பகுதிக்குப் போங்கள்.

குவிர்க்கைப் போட்டும் டைப் 13 பேனிக் வந்து, ஆர்சிஎக்ஸில் ஈ2 அல்லாத வேறு எண் இருந்தால், கெர்னல் உங்கள் ப்ராசசரில் இல்லாத வேறொரு எம்எஸ்ஆரைத் தொடுகிறது. பென்டியம் போன்ற, ஆப்பிள் எந்த மேக்கிலும் வைக்காத ப்ராசசர்களில் இது நடக்கும். ஆப்பிள்-எக்ஸ்சிபிஎம்-எக்ஸ்ட்ரா-எம்எஸ்ஆர்ஸ் அதற்கானது. சாதாரண ஐ5, ஐ7 லேப்டாப்பில் அதற்குத் தேவை வருவது அபூர்வம்.

பூட்டையே திறப்பது

குவிர்க் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஓப்பன்கோரின் ஆவணமே, முடிந்தவரை குவிர்க்கைத் தவிர்த்து பயாஸ் அமைப்பில் பூட்டைத் திறக்கச் சொல்கிறது. திறந்துவிட்டால் சி-ஸ்டேட் வரம்பை மேக்ஓஎஸ் உண்மையிலேயே எழுத முடியும்.

லேப்டாப் பயாஸ் மெனுவில் "சிஎஃப்ஜி லாக்" என்ற வரி பெரும்பாலும் கண்ணில் படாது. உள்ளே இருக்கும், மறைத்திருப்பார்கள். முதலில் கன்ட்ரோல்-எம்எஸ்ஆர்-ஈ2 கருவியை இன்டராக்டிவ் முறையில் ஓட்டிப் பாருங்கள். மறைந்திருக்கும் அமைப்பை அதுவே தேடிக் கண்டுபிடித்து மாற்றிக்கொடுக்கலாம். அது கைவிரித்தால்தான் அடுத்தது.

உங்கள் லேப்டாப்பில் இப்போது இருக்கும் அதே பயாஸ் பதிப்பின் கோப்பை இறக்கி, யுஇஎஃப்ஐ-டூல் மென்பொருளில் திறந்து, "சிஎஃப்ஜி லாக்" என்ற சொல்லை யூனிகோட் தேடலில் தேடுங்கள். கிடைத்தால் அது இருக்கும் செட்அப் பகுதியின் பிஇ32 பிம்பத்தைத் தனியே எடுத்து பயாஸ் மெனு அமைப்புகளை உரையாக மாற்றும் ஐஎஃப்ஆர் எக்ஸ்ட்ராக்டருக்குக் கொடுங்கள். நீளமான ஒரு உரைக் கோப்பு வரும். அதில் இப்படி ஒரு வரி இருக்கும்: சிஎஃப்ஜி லாக், வார்-ஆஃப்செட் 0எக்ஸ்3ஈ, வார்ஸ்டோர் 0எக்ஸ்3, சைஸ் 1. எண்கள் உதாரணத்துக்குத்தான்.

வார்ஸ்டோர் என்பது அமைப்புகளைச் சேமிக்கும் பெட்டி, ஆஃப்செட் என்பது அதற்குள் இருக்கும் இடம். பலர் ஆஃப்செட்டை மட்டும் குறித்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். வார்ஸ்டோர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பின் மேல் பகுதிக்குப் போனால் 0எக்ஸ்3 என்ற வார்ஸ்டோரின் பெயர் என்ன என்று இருக்கும். பழைய லேப்டாப்களில் அது "செட்அப்" என்றே இருக்கும். புதியவற்றில் பெரும்பாலும் "சிபியுசெட்அப்". இரண்டிலும் 3ஈ என்ற இடம் உண்டு! சிபியுசெட்அப்பில் அது பூட்டு, செட்அப்பில் அது வேறெதுவாகவும் இருக்கலாம். பெயரைப் பார்க்காமல் எழுதினால் சம்பந்தமே இல்லாத ஓர் அமைப்பு மாறிப்போகும், சில லேப்டாப்கள் அதற்கப்புறம் திரையே காட்டாது.

பயாஸில் செக்யூர் பூட் அமைப்பை அணைத்துவிட்டு, மாற்றியமைத்த க்ரப் ஷெல்லை பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள்: செட்அப்_வார்_சிவி சிபியுசெட்அப் 0எக்ஸ்3ஈ 0எக்ஸ்01. கடைசியில் மதிப்பு எதுவும் தராததால் இது எதையும் மாற்றாது, இப்போது இருப்பதைக் காட்டும். 0எக்ஸ்01 என்று வர வேண்டும். பூட்டு என்பது ஆம், இல்லை என்ற இரண்டே நிலை; 0எக்ஸ்14, 0எக்ஸ்40 என்று எதுவோ வந்தால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள், வெளியே வந்துவிடுங்கள். 0எக்ஸ்01 வந்தால் அதே கட்டளையின் முடிவில் 0எக்ஸ்00 சேர்த்து எழுதுங்கள். ரீஸ்டார்ட் செய்து கன்ட்ரோல்-எம்எஸ்ஆர்-ஈ2-வை மறுபடி ஓட்டி, எல்லாக் கோரும் திறந்துவிட்டதைப் பார்த்த பிறகு இரண்டு குவிர்க்கையும் அணைத்துவிடலாம்.

அடுத்தவர் கொடுத்த ஆஃப்செட்டை வைத்து இதைச் செய்யவே கூடாது. அதே மாடலாக இருந்தாலும் பயாஸ் பதிப்பு மாறினால் இடம் மாறும். பயாஸை அப்டேட் செய்தாலோ டீஃபால்டுக்குக் கொண்டுபோனாலோ பூட்டு திரும்ப விழுந்துவிடலாம். அதனால் அப்டேட்டுக்கு முன் குவிர்க்கை மறுபடி ஆன் செய்து வைப்பது நல்லது. "சிஎஃப்ஜி லாக்" என்ற சொல்லே பயாஸ் கோப்பில் இல்லையென்றால் மல்லுக்கட்ட வேண்டாம், குவிர்க்கோடு இருந்துவிடுங்கள்.

"நோ எச்பெட்ஸ் அவெயிலபிள்... சிபியுஸ் கான்ஃபிகர்ட் இன்கரெக்ட்லி"

இந்த வரியைப் பார்த்ததும் ப்ராசசர் அமைப்புதான் தப்பு என்று சிஎஃப்ஜி லாக் பக்கம் போய்விடுவார்கள். வாசகத்தின் முதல் பாதியைப் படியுங்கள். பழைய பவர் மேனேஜ்மென்ட் கெக்ஸ்டுக்கு எச்பெட் என்ற டைமர் வேண்டும், அது கிடைக்கவில்லை என்கிறது. சாண்டி, ஐவி ஆட்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது.

சிப்செட்டில் அந்த டைமர் இருக்கத்தான் இருக்கிறது. பிரச்சினை ஏசிபிஐ அட்டவணையில். பல லேப்டாப்களின் டிஎஸ்டிடியில் (ஏசிபிஐயின் முதன்மை அட்டவணை) ஓஎஸ்ஒய்எஸ் என்று ஒரு மாறி உண்டு. வந்திருப்பது எந்த விண்டோஸ் என்று கேட்டு அதில் ஒரு ஆண்டை எழுதி வைப்பார்கள். எச்பெட் பகுதியில் "ஓஎஸ்ஒய்எஸ் 2001 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுதாகக் காட்டு, இல்லையென்றால் மறைத்துக் காட்டு" என்று ஒரு நிபந்தனை இருக்கும். 2001 என்பது எக்ஸ்பி. மேக்ஓஎஸ் தன்னை டார்வின் என்று சொல்லிக்கொள்வதால், அந்தப் பட்டியலில் எதோடும் பொருந்தாமல் ஓஎஸ்ஒய்எஸ் ஆரம்ப மதிப்பிலேயே நின்றுவிடும். எக்ஸ்பிக்கும் முந்தைய ஏதோ ஒரு ஓஎஸ் என்று பயாஸ் நினைத்துக்கொள்கிறது.

எஸ்எஸ்டிடி-டைம் என்ற பைதான் கருவியில் ஃபிக்ஸ்-எச்பெட் என்ற தேர்வு இருக்கிறது. உங்கள் லேப்டாப்பின் டிஎஸ்டிடியைக் கொடுத்தால் தேவையான எஸ்எஸ்டிடியும், கான்ஃபிக்கில் சேர்க்க வேண்டிய ஏசிபிஐ பேட்ச்சும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும், ஒன்றை மட்டும் போடாதீர்கள். பயாஸ் மெனுவில் எச்பெட் என்று தனி அமைப்பு இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பூட் ஆகிவிட்டது, ஆனால் வேகம் அசையவில்லை

டெர்மினலில் சுடோ பவர்மெட்ரிக்ஸ் ஓட்டினால் ப்ராசசரின் நடப்பு வேகம் தெரியும். சும்மா இருக்கும்போது இறங்கி, ஒரு வீடியோவை ஓட்டினால் ஏற வேண்டும். ஐ5-3320எம் போன்ற ஐவி சிப் 1.2 கிகாஹெர்ட்ஸுக்கும் டர்போவில் 3.3-க்கும் நடுவே ஏறி இறங்கும். அடிப்படை வேகமான 2.6-லேயே நட்டு வைத்தது போல நின்றால், பவர் மேனேஜ்மென்ட் கெக்ஸ்டுக்கு வேக அட்டவணை கிடைக்கவில்லை.

ஐவி வரை உள்ளவர்கள் எஸ்எஸ்டிடி-பிஆர்ஜென் என்ற ஸ்கிரிப்டை ஓட்டி தங்கள் சிப்புக்கான அட்டவணையை உருவாக்க வேண்டும். பயாஸ் தரும் சிபியுபிஎம், சிபியு0இஸ்ட் என்ற இரு அட்டவணைகளையும் கான்ஃபிக்கின் ஏசிபிஐ, டிலீட் பகுதியில் நீக்க வேண்டும். நீக்காமல் புதியதைச் சேர்த்தால் ஒரே கோருக்கு இரண்டு அட்டவணைகள் மோதும். நீக்கும்போது அட்டவணையின் அடையாளம் 8 பைட் நீளம் இருக்க வேண்டும். சிபியு0இஸ்ட் என்றால் 4370753049737400. கடைசி இரண்டு பூஜ்யங்கள் தேவையில்லை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், வெட்டினால் பொருந்தாது, பிழைச் செய்தியும் கண்ணில் படாது. டேபிள்-சிக்னேச்சர் இரண்டுக்கும் 53534454.

ஹாஸ்வெல் முதல் இவ்வளவு பாடு இல்லை. எஸ்எஸ்டிடி-ப்ளக் என்ற சின்னக் கோப்பு, முதல் கோரின் மேல் ப்ளக்இன்-டைப் = 1 என்று எழுதிவிடும். வேலை செய்கிறதா என்று பார்க்க சிஸ்கன்ட்ரோலில் மேக்டெப்.எக்ஸ்சிபிஎம்.மோட் என்று கேளுங்கள். 1 வர வேண்டும். வரவில்லையென்றால் பெரும்பாலும் பாதைப் பிழை: கோப்பு சிபியு0 என்று தேடும், உங்கள் டிஎஸ்டிடியில் அது பிஆர்00 என்று இருக்கும். வேகம் 1.3-க்குக் கீழே இறங்க மறுப்பது கோளாறே அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த மேக் மாடலின் அமைப்பு அது. சிபியு-ஃப்ரெண்ட் என்ற கெக்ஸ்ட் வைத்து 0.8 வரை இறக்கிக்கொள்ளலாம்.

வென்ச்சுராவுக்கு மாறியதும் ஐவி லேப்டாப் திடீரென்று இப்படி ஆனால் குழம்ப வேண்டாம். 2022-ல் வந்த அந்தப் பதிப்பில் ஆப்பிள் பழைய பவர் மேனேஜ்மென்ட் கெக்ஸ்டையே தூக்கிவிட்டது. அந்த கெக்ஸ்டையும் அதன் கிளையன்ட் கெக்ஸ்டையும், கூடவே ஏஎஸ்பிபி-ஓவர்ரைடையும் ஓப்பன்கோர் வழியே நாமே ஏற்ற வேண்டும். முதல் இரண்டுக்கும் மின்-கெர்னல் (எந்த கெர்னல் பதிப்பிலிருந்து ஏற்ற வேண்டும் என்ற அமைப்பு) 22.0.0 என்று போட்டால் பழைய பதிப்புகளில் தலையிடாது.

0.8-லேயே ஒட்டிக்கொண்டு, விண்டோஸிலும் லினக்ஸிலும் அப்படியே இருந்தால் மேக்ஓஎஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. சில லேப்டாப்கள் டூப்ளிகேட் சார்ஜரை அடையாளம் காண முடியாதபோது ப்ராசசரைக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், ஒரிஜினலைச் செருகிப் பாருங்கள்.

மூடியை மூடித் திறந்தால் சாகிறது

முதலில் அந்த லேப்டாப்பில் எஸ்3 ஸ்லீப் (ரேம் மட்டும் விழித்திருக்கும் ஆழ்ந்த தூக்கம்) இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி /ஏ என்று கொடுத்தால் சொல்லும். "எஸ்3 இல்லை, எஸ்0 மட்டும்" என்று வந்தால் மேக்ஓஎஸ்ஸுக்குத் தேவையான ஸ்லீப் அந்த பயாஸிலேயே இல்லை. புதிய மெலிதான லேப்டாப்களில் இது சகஜம். அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

எஸ்3 இருந்தால் ஹைபர்னேஷனை அணையுங்கள்: சுடோ பிஎம்செட் -ஏ ஹைபர்னேட்மோட் 0, ஸ்டான்ட்பை, ஆட்டோபவர்ஆஃப் இரண்டுக்கும் 0. டம்மி-பவர்-மேனேஜ்மென்டோ பழைய நல் கெக்ஸ்டோ எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் இப்போதே எடுத்தெறியுங்கள். அவை இருக்கும்வரை ஸ்லீப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

அப்புறமும் விழுந்தால் லைப்ரரி, லாக்ஸ், டயக்னாஸ்டிக்-ரிப்போர்ட்ஸ் அடைவில் புதிய பேனிக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். "ஸ்லீப் ட்ரான்ஸிஷன் டைம்ட் அவுட்" என்றால் ஏதோ ஒரு ட்ரைவர் தூங்க மறுக்கிறது; யுஎஸ்பியையும் வைஃபையையும் பாருங்கள், ப்ராசசர் மேல் பழி இல்லை. "நான்-மோனோடோனிக் டைம்" என்று வந்தால் விழித்தெழுந்த கோர்களின் டிஎஸ்சி கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிபியு-டிஎஸ்சி-சிங்க் கெக்ஸ்ட் அதற்கென்றே உள்ளது. பேனிக் எதுவும் வராமல், விழித்தபின் சுட்டியே ஆமை வேகத்தில் நகர்ந்தாலும் இதைப் போட்டுப் பாருங்கள்.

எந்த நேரமும் விழுகிறது, பேனிக்கில் "மெஷின் செக்"

இது வேறு வகை. கெர்னல் தப்பு செய்யவில்லை. ப்ராசசரே தனக்குள் பிழை கண்டு கத்துகிறது. சூடு குறைய வோல்டேஜ்-ஷிஃப்ட் வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்திருக்கிறீர்களா? அதுதான். பாரம் ஏறும்போது தாங்கிய அழுத்தம், சும்மா இருந்து சட்டென்று வேகம் மாறும் கணத்தில் போதாமல் போகும். அதனால்தான் மணிக்கணக்கில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடிய மெஷின், பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது விழுகிறது. பழைய மதிப்புக்குத் திருப்புங்கள். 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு வந்த பயாஸ் அப்டேட்கள் பலவற்றில் இந்தக் கதவையே மூடிவிட்டார்கள். அப்டேட்டுக்குப் பின் வோல்டேஜ்-ஷிஃப்ட் வேலை செய்யவில்லையென்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பேக்ட்ரேஸில் எனர்ஜி-ட்ரைவர் என்று இருந்தால் அது ப்ராசசரின் வேகம், சூடு காட்டும் இன்டெல் பவர் கேட்ஜெட் மென்பொருளின் மிச்சம். இன்டெலே அதைக் கைவிட்டுவிட்டது, நீக்கிவிடுங்கள்.

மின்னழுத்தத்தில் கை வைக்கவே இல்லை, ஆனாலும் மெஷின் செக் வருகிறது என்றால் ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அதே நேரம் ஓடவிடுங்கள். அங்கேயும் விழுந்தால் கான்ஃபிக் கோப்பை மூடி வைத்துவிட்டு, ஹீட்சிங்கைக் கழற்றித் தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள்.